சமபந்தியில் பிறந்த திருச்சபை

நம் குமணன்சாவடியைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலைக்கு மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று பெயர். அதன் ஒரு முனையில் பூந்தமல்லி. மறு முனையில் பரங்கிமலை எனப்படும் புனித தோமையார் மலை. இயேசுவின் பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவரான தோமையார் இரத்தம் சிந்தி உயிர் நீத்த இடம் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வரும் மலை அது. திருச்சபையின் தொடக்க காலத்தை அறிய நாம் உரோமாபுரிக்கும் எருசலேமுக்கும் மட்டுமே போக வேண்டும் என்பதில்லை. நம் வாசலுக்கு முன்னே செல்லும் சாலையும் அங்கேதான் நம்மை அழைத்துச் செல்கிறது.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். தொடக்க காலக் கிறிஸ்தவர்களின் சமயத்திற்கு வழங்கிய முதற் பெயர்களுள் ஒன்று ‘வழி’ என்பதாகும். அப்போஸ்தலர் பணி என்னும் நூல் அவர்களை அந்த வழியைச் சேர்ந்தவர்கள் என்றே குறிப்பிடுகிறது. அன்று அவர்களுக்குக் கோபுரம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, அச்சிட்ட விவிலியம் இல்லை. அப்படியிருக்க, இன்று உலகெங்கும் பரவியுள்ள திருச்சபை எவ்வாறு உருப்பெற்றது? அதன் வழிபாடும் விசுவாசப் பிரமாணமும் எங்கிருந்து வந்தன? இக்கேள்விகளுக்கு விடை தேடிச் செல்லும்போது, ஏறத்தாழ எல்லாப் பாதைகளும் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காண்கிறோம். அந்த இடம் ஓர் உணவுப் பந்தி.

வீடே கோயில்

பெந்தகோஸ்தே திருநாளுக்குப் பின் எருசலேமில் கூடிய முதற் சபையார் நான்கு காரியங்களில் நிலைத்திருந்தனர் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. அப்போஸ்தலரின் போதனை, தோழமை வாழ்வு, அப்பம் பிட்குதல், செபம் என்பவையே அந்நான்கு. அவர்கள் யூதர்களாகவே இருந்தபடியால் ஆலயத்திற்குச் சென்று செபித்தார்கள். அப்பம் பிட்பதோ வீடுகளில் நடந்தது.

இந்த வீடுகளில் பல பெண்களின் வீடுகள் என்பதை நம் பள்ளி மாணவியர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். புனித இராயப்பர் சிறையிலிருந்து விடுதலையானதும் நேரே சென்றது, மாற்கு என்னும் அருளப்பரின் தாயாகிய மரியாளின் வீட்டிற்கு. அங்கே பலர் கூடிச் செபித்துக்கொண்டிருந்தனர். பிலிப்பி நகரில் விலையுயர்ந்த செந்நிறத் துணி விற்று வந்த லீதியாள் என்னும் வணிகப் பெண்மணியின் வீட்டில்தான் புனித சின்னப்பர் தங்கினார். அந்நகரின் சபை அங்கே வளர்ந்தது. பிரிசில்லாளும் அவள் கணவர் ஆக்கில்லாவும் கூடாரம் செய்யும் தொழிலாளிகள். அவர்கள் வீட்டிலும் சபை கூடியது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் சின்னப்பர் கெங்கிரேயா சபையின் பணியாளரான பெபேயாள் என்னும் பெண்ணை மிகுந்த மதிப்புடன் அறிமுகம் செய்து வைக்கிறார்.

அத்தகைய ஒரு வீடு மண்ணுக்கடியிலிருந்தே கிடைத்துள்ளது. சிரியா நாட்டில் யூப்ரத்தீஸ் ஆற்றங்கரையில் உள்ள தூரா-யூரோப்பொஸ் என்னும் பாழடைந்த நகரில் 1930-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில், ஏறக்குறைய கி.பி. 232-ஐ ஒட்டி வழிபாட்டுக்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரு வீடு வெளிப்பட்டது. இரு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். மற்றோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. அதன் சுவரில் நல்லாயன் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கும் ஓவியம் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெருவிலுள்ள மற்றொரு வீடு, அவ்வளவே. உரோமைப் பேரரசில் கான்ஸ்தந்தீன் மன்னர் காலத்தில், 313-ஆம் ஆண்டு வழிபாட்டு உரிமை கிடைத்த பின்னர்தான் மாபெரும் பேராலயங்கள் எழத் தொடங்கின.

பந்தியில் எழுந்த வழக்கு

வீட்டில் கூடி உண்டார்கள் என்றதும் எல்லாம் இனிதே நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திருச்சபையின் முதற் பெரும் வழக்கே, யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பதில்தான் எழுந்தது.

அந்தியோக்கியா நகரில்தான் சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது. அங்கே யூதரும் பிற இனத்தாரும் ஒன்றாகவே உண்டு வந்தனர். இராயப்பரும் அவ்வாறே செய்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி அவர் பிற இனத்தாரின் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அதைக் கண்ட சின்னப்பர், தலைவர் என்றும் பாராமல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இதைச் சின்னப்பரே கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் சொல்கிறார். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொண்ட பிறகே சபையில் சேரலாமா என்ற கேள்விக்கு, ஏறக்குறைய கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய சங்கம், அந்தச் சுமை வேண்டாம் என்று முடிவு கூறியது. இந்த முடிவு ஏற்படாதிருந்தால் கிறிஸ்தவம் யூத சமயத்தின் ஒரு கிளையாகவே நின்றிருக்கக்கூடும்.

கொரிந்து நகரில் வேறுவிதமான குறை. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்டு குடித்து முடித்துவிடுவார்கள். வேலை முடித்துத் தாமதமாக வரும் ஏழைகளும் அடிமைகளும் பசியோடு நிற்பார்கள். இதற்கு ஆண்டவரின் விருந்து என்று பெயரா என்று சின்னப்பர் கடிந்துகொள்கிறார். அப்படிக் கடிந்துகொள்ளும்போதுதான், இயேசு இறுதி இராவுணவில் அப்பத்தை எடுத்துப் பிட்டுச் சொன்ன வார்த்தைகளை அவர்களுக்கு நினைவூட்டுகிறார். இத்திருமுகம் ஏறக்குறைய கி.பி. 55-இல் எழுதப்பட்டது, சுவிசேஷங்கள் எழுதப்பட்டதற்கு முற்பட்டது. ஆகவே, திருப்பலியின் நடுநாயகமான அந்த வார்த்தைகளை முதன்முதலாக ஏட்டில் காண்பது, பசித்தவர்களைக் காக்க வைத்த ஒரு பந்தியைத் திருத்துவதற்காக எழுதப்பட்ட மடலில்தான்! நற்கருணையையும் நியாயத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பந்தி எவ்வளவு பெரிய சோதனை என்பதை நம் மண்ணும் அறியும். நம் பூந்தமல்லியில் பிறந்த வைணவப் பெரியார் திருக்கச்சி நம்பிகளைப் பற்றிய வரலாறு ஒன்று உண்டு. வேறு குலத்தவரான அவரை இராமானுசர் தம் வீட்டிற்கு விருந்துக்கு அழைத்தார்; அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பினார். இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். இராமானுசரின் மனைவியாரோ அந்த இடத்தை மெழுகித் தூய்மை செய்து குளித்துவிட்டார். அதை அறிந்து இராமானுசர் மனம் வருந்தினார் என்பர். அந்தியோக்கியாவின் கேள்வி காஞ்சியிலும் எழுந்திருக்கிறது என்பதை எண்ணும்போது, இது மனித குலம் முழுவதற்கும் உரிய கேள்வி என்பது விளங்குகிறது.

வழிபாடு வடிவம் பெற்றது

முதலிரு நூற்றாண்டுகளில் வழிபாடு எப்படி இருந்தது என்பதற்கு மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதலாவது, ‘திதாக்கே’ எனப்படும் பன்னிரு அப்போஸ்தலரின் போதனை. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாக அறிஞர் பலர் கருதும் இச்சிறு நூல், நெடுங்காலம் மறைந்திருந்து 1873-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஓடும் நீரில் ஞானஸ்நானம் கொடுங்கள். இல்லையேல் தலையில் மும்முறை நீர் வாருங்கள் என்கிறது. புதனும் வெள்ளியும் ஒருசந்தி இருக்கவும், நாள்தோறும் மும்முறை கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லவும் பணிக்கிறது. மலைகளில் சிதறிக் கிடந்த தானியம் ஒரே அப்பமானது போலத் திருச்சபையும் ஒன்றாக வேண்டும் என்று செபிக்கக் கற்பிக்கிறது. விருந்தோம்பலுக்கும் சட்டம் உண்டு: ஊர் ஊராகச் செல்லும் போதகர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினாலோ, பணம் கேட்டாலோ அவர் போலிப் போதகர்! தரும சிந்தையோடு விழிப்பும் வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வது போலத்தானே இது இருக்கிறது?

இரண்டாவது சான்று, கிறிஸ்தவரல்லாத ஓர் அதிகாரியின் கடிதம். ஆசியா மைனரில் உரோமை ஆளுநராக இருந்த பிளினி, ஏறக்குறைய கி.பி. 112-இல் திராயான் பேரரசருக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். பின்னர் மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள் என்பது அவருடைய அறிக்கை. உண்மையை அறிய அவர் சித்திரவதை செய்தது யாரைத் தெரியுமா? சபையில் பணியாளர் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை. அவர்களுடைய பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது, ஏறக்குறைய கி.பி. 155-இல் உரோமையில் புனித யுஸ்தீன் எழுதிய விளக்கம். ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவர். அப்போஸ்தலரின் நினைவேடுகளும் இறைவாக்கினர் நூல்களும் வாசிக்கப்படும். தலைவர் அறிவுரை கூறுவார். எல்லாரும் எழுந்து மன்றாடுவர். பின் அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சை இரசமும் கொண்டுவரப்படும்; தலைவர் நன்றி செலுத்த, மக்கள் ஆமென் என்பர். வர இயலாதவர்களுக்குத் தியாக்கோன்மார் கொண்டுபோய்க் கொடுப்பர். காணிக்கை முழுவதும் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரிலிருந்து வந்தோர் ஆகியோருக்கே. வாசகம், மறையுரை, மன்றாட்டு, காணிக்கை, நன்றி மன்றாட்டு, நற்கருணை என நாம் ஞாயிறுதோறும் காணும் திருப்பலி அப்படியே கண்முன் நிற்கிறதல்லவா?

விசுவாசம் வார்த்தை பெற்றது

முதற் கிறிஸ்தவர்களின் கையில் புதிய ஏற்பாடு என்று ஒரு நூல் இல்லை. சின்னப்பரின் மடல்களும், பின்னர் நான்கு சுவிசேஷங்களும் சபைதோறும் படி எடுக்கப்பட்டுப் பரவின. இன்று நாம் ஏற்கும் 27 நூல்களும் அவ்வாறே அடங்கிய பட்டியலை, அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியார் 367-ஆம் ஆண்டு மடலில் காண்கிறோம். விசுவாசப் பிரமாணமும் ஞானஸ்நானத் தொட்டியருகே பிறந்ததே. பிதாவை விசுவசிக்கிறாயா, சுதனை விசுவசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறாயா என்ற மூன்று கேள்விகளுக்குச் சொன்ன பதில்களே வளர்ந்து பிரமாணங்களாயின. சுதன் உண்மையிலேயே கடவுளா என்ற பெரும் விவாதத்திற்கு 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் விடை அளித்தது. 381-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அதை விரிவாக்கியது. நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவைத் திருச்சபை 2025-இல் கொண்டாடியது.

வார்த்தையால் மட்டுமன்றி இரத்தத்தாலும் இந்த விசுவாசம் எழுதப்பட்டது. 203-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பெர்பெத்துவா என்னும் 22 வயதுப் பெண் கைதானார். உயர்குடியில் பிறந்தவர், கைக்குழந்தையின் தாய். அவரோடு சிறைப்பட்ட பெலிசித்தா ஓர் அடிமைப் பெண். சிறையிலேயே மகப்பேறு கண்டவர். சிறையில் பெர்பெத்துவா எழுதிய குறிப்புகள், கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் அடங்கும். சாவுக்கு முந்திய இரவில் கைதிகளுக்கு அளிக்கப்படும் கடைசி விருந்தை அவர்கள் அன்பின் விருந்தாக மாற்றி ஒன்றாக உண்டார்கள். மறுநாள் எசமானி வகுப்பும் அடிமை வகுப்பும் கைகோத்து நின்றன. திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் இவ்விருவர் பெயரும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

நம் மண்ணில்

தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கி, 72-இல் மயிலாப்பூர் அருகே வேதசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. அவருடைய இந்தியப் பயணத்தைச் சொல்லும் ‘தோமையார் பணிகள்’ என்ற சிரிய மொழி நூல் மூன்றாம் நூற்றாண்டினது. மரபு வேறு, கல்லிலும் செம்பிலும் கிடைக்கும் சான்று வேறு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதால் விசுவாசம் குறைந்துவிடாது. கேட்பவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் துணிவு பிறக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்னும் வணிகப் பயணி, மிளகு விளையும் மலபாரிலும் இலங்கைத் தீவிலும் கிறிஸ்தவர் இருந்ததாக எழுதினார். 849-இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேடு இன்றும் உள்ளது. வட்டெழுத்தில் எழுதப்பட்ட அதில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். ஒரு கிறிஸ்தவக் கோயிலின் உரிமைக்குப் பிற சமயத்தார் சாட்சி நின்ற ஏடு அது! நம் தோமையார் மலையில் 1547-இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றிலும் இதே பகலவி எழுத்துகள் உள்ளன. அரசர்களின் சாசனமன்று அது. பாரசீகத்தோடு உறவுகொண்டிருந்த ஒரு சபை இங்கே செபித்ததற்கு அடையாளம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் முகமதியரும் யாத்திரை வருவதாகவும், அங்குள்ள மண்ணை நோய்க்கு மருந்தாக எடுத்துச் செல்வதாகவும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அக்கோயில் பாழடைந்து கிடந்தது. துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் சொல்வதைக் கேளுங்கள்: ஓர் ஏழை முகமதியர் பிச்சை எடுத்து, அந்தக் கல்லறையில் விளக்கு அணையாமல் காத்து வந்தார்.

இதே காலத்தில் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பெருஞ்சமூகமாக வாழ்ந்திருந்தனர். அவர்களிடம் ஒரு வழக்கம் இன்றும் உண்டு. பெரிய வியாழன் இரவில் வீட்டிலேயே புளியாத பெசகா அப்பம் செய்து, செபம் சொல்லி, குடும்பத் தலைவர் அதைப் பிட்டு மூத்தவர் முதல் குழந்தை வரை எல்லாருக்கும் கொடுப்பார். எருசலேம் வீடுகளில் தொடங்கிய அப்பம் பிட்குதல் அங்கே அடுக்களையிலும் நிலைத்தது. இடம் மட்டும் இருந்தால் போதாது. கூடி உண்டு, கூடி நினைவுகூரும் குடும்பங்கள் வேண்டும் என்பதை மயிலையும் மலையாளமும் சேர்ந்தே கற்பிக்கின்றன. கூடுவோர் குறைந்த இடத்தில் விளக்கைக் காத்தது அயலாரின் அன்பு. பல சமயத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் நம் பள்ளியில் இந்த நன்றிக்கடனை மறக்கலாகாது.

நமக்கு முன் உள்ள கேள்வி

தமிழகத் திருச்சபை அந்தியோக்கியாவின் பாடத்தை முழுவதும் கற்றுவிட்டதா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதியாரைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பிய கோயில் இருந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவரைக்கூடப் பிரித்து வைக்கும் ஊர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தூராவில் சுவரை எடுத்துக் கூடமாக்கினார்கள். நாமோ கூடத்தில் சுவர் வைத்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், சொல்லாமல் திருந்த முடியாது.

பெற்றோர்களே, பிள்ளைகள் பந்தியைக் கற்பது முதலில் வீட்டில். வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்தத் தம்ளரில் காப்பி தருகிறோம் என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவியரே, நண்பகல் மணி அடித்ததும் டிபன் பெட்டிகளைத் திறந்து வட்டமாக அமர்கிறோம். அந்த வட்டத்திற்கு வெளியே தனியே ஒருத்தி உண்கிறாள் என்றால், கொரிந்தியருக்கு எழுதிய மடல் நமக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. இருபது நூற்றாண்டு வரலாறு நம்மிடம் கேட்பது பெரிய காரியமன்று. சற்று நகர்ந்து இடம் கொடுக்கச் சொல்கிறது.

வகுப்பில் கலந்துரையாட:

1. எருசலேம் முதற் சபையார் நிலைத்திருந்த நான்கு காரியங்கள் எவை? அவற்றுள் எது நம் பங்கில் குறைவாக உள்ளது?

2. புனித யுஸ்தீன் கூறும் ஞாயிறு வழிபாட்டை இன்றைய திருப்பலியோடு ஒப்பிடுக. அன்றைய காணிக்கை யாருக்குச் சென்றது?

3. கல்லறை விளக்கைக் காத்த ஏழை முகமதியருக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு என்ன?